தொழில் தொடங்கும் முன் ஒரு கணக்கு: எத்தனை விற்றால் நஷ்டம் இல்லை? ஆன்லைன் கால்குலேட்டரில் கண்டறிவது எப்படி?

சொந்தத் தொழில் தொடங்குவோர் கடன் படிவத்தில் கையெழுத்திடும் முன், லாபமும் நஷ்டமும் இல்லாத விற்பனை அளவை அறிந்திருப்பது அவசியம். இணையத்தில் உள்ள கால்குலேட்டர்கள் இதைச் சில நொடிகளில் சொல்லிவிடும். ஆனால் அதில் எந்த எண்களைப் பதிவிடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். அது குறித்து விரிவாகக் காண்போம்.

புதுடெல்லி: சிறு தொழில் ஒன்றைத் தொடங்க விரும்பும் ஒருவரிடம் எழும் முதல் கேள்வி, "மாதம் எவ்வளவு லாபம் கிடைக்கும்?" என்பதாகவே இருக்கும். ஆனால் அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கையிலிருந்து பணம் போகாமல் இருக்க, மாதம் குறைந்தது எவ்வளவு விற்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கான விடையே 'பிரேக் ஈவன் பாயின்ட்' என அழைக்கப்படுகிறது. வணிகவியல் பாடநூல்கள் இதைச் சமநிலைப் புள்ளி எனக் குறிப்பிடுகின்றன. மொத்த வருவாயும் மொத்தச் செலவும் சமமாகும் விற்பனை அளவு இது. இதற்குக் கீழே விற்றால் நஷ்டம். இதற்கு மேல் விற்கும் ஒவ்வொரு பொருளும் லாபம் தரும்.

கணக்கின் அடிப்படை என்ன?

இந்தக் கணக்கிற்கு மூன்று எண்கள் போதுமானவை.

முதலாவது, நிலையான செலவு. ஒரு பொருள்கூட விற்காவிட்டாலும் செலுத்தியே ஆக வேண்டிய தொகை இது. கடை வாடகை, மாதச் சம்பளம், கடனுக்கான வட்டி ஆகியவை இதில் அடங்கும். கால்குலேட்டர்களில் இது 'ஃபிக்ஸட் காஸ்ட்' என்ற பெயரில் இருக்கும்.

இரண்டாவது, மாறும் செலவு. ஒவ்வொரு பொருளையும் தயாரித்து விற்கும்போது கூடிக்கொண்டே செல்லும் செலவு இது. மூலப்பொருள், பொதி உறை, போக்குவரத்து, கமிஷன் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. 'வேரியபிள் காஸ்ட் பெர் யூனிட்' என்ற கட்டத்தில் இதை ஒரு பொருளுக்கு இவ்வளவு எனப் பதிவிட வேண்டும்.

மூன்றாவது, ஒரு பொருளின் விற்பனை விலை. இது 'செல்லிங் பிரைஸ்' எனக் குறிக்கப்பட்டிருக்கும்.

விற்பனை விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் கிடைக்கும் தொகைக்குப் பங்களிப்பு என்று பெயர். நிலையான செலவை இந்தப் பங்களிப்பால் வகுத்தால் சமநிலைப் புள்ளி கிடைத்துவிடும். எந்தக் கால்குலேட்டராக இருந்தாலும் அதன் உள்ளே நடப்பது இந்த ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் மட்டுமே.

எடுத்துக்காட்டு: இட்லி மாவு விற்பனை

பெங்களூருவில் மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் பணிபுரியும் பெண் ஒருவர், அந்த வேலையை விட்டுவிட்டு இட்லி, தோசை மாவு தயாரித்து விற்கும் தொழிலில் இறங்கத் திட்டமிடுகிறார் என வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பாக்கெட்டின் விலை 60 ரூபாய். இங்கு தரப்படும் தொகைகள் அனைத்தும் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் இவை மாறுபடும்.

அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு ஆகியவற்றுக்கு 30 ரூபாய், உறைக்கு 3 ரூபாய், மின்சாரம் மற்றும் தண்ணீருக்கு 2 ரூபாய் என ஒரு பாக்கெட்டுக்கு 35 ரூபாய் செலவாகிறது. அறை வாடகை 10,000 ரூபாய், உதவியாளர் ஒருவருக்குச் சம்பளம் 12,000 ரூபாய், இதர செலவுகள் 3,000 ரூபாய் என மாத நிலையான செலவு 25,000 ரூபாய்.

இந்த எண்களைப் பதிவிட்டால், ஒரு பாக்கெட்டுக்குப் பங்களிப்பு 25 ரூபாய். 25,000-ஐ 25-ஆல் வகுத்தால் 1,000 பாக்கெட். அதாவது, நாளொன்றுக்கு 34 பாக்கெட் விற்றாலே நஷ்டம் இல்லை. மாதம் 1,500 பாக்கெட் விற்றால் 12,500 ரூபாய் லாபம் என்றும் அதே கால்குலேட்டர் காட்டும்.

இந்த விடையை நம்பி வேலையை விடலாமா? விடக்கூடாது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் பல செலவுகள் கணக்கிற்குள் வரவே இல்லை.

விடுபட்ட செலவுகள் எவை?

உரிமையாளரின் உழைப்பு: வேலையை விடுவதால் அவர் மாதம் 15,000 ரூபாய் வருமானத்தை இழக்கிறார். அந்தத் தொகையைத் தொழில் ஈட்டித் தராவிட்டால், பழைய வேலையே மேலானது. எனவே தமக்கான சம்பளத்தையும் நிலையான செலவில் சேர்க்க வேண்டும். குடும்பத்தினர் ஊதியமின்றி உதவுகிறார்கள் என்றால் அவர்களது உழைப்புக்கும் இதே விதி பொருந்தும்.

கடன் வட்டி: அவர் 2 லட்சம் ரூபாய் கடன் பெறுகிறார், ஆண்டு வட்டி 12 சதவீதம் எனக் கொண்டால், தொடக்கத்தில் மாத வட்டி 2,000 ரூபாய்.

தேய்மானம்: கிரைண்டர், ஃப்ரிட்ஜ், எடை இயந்திரம் ஆகியவற்றின் விலை 1,80,000 ரூபாய் என்றும், அவை 5 ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொண்டால், மாதத் தேய்மானம் 3,000 ரூபாய். இயந்திரம் பழுதாகும் நாளில் புதியது வாங்கப் பணம் இருக்க வேண்டுமெனில், இத்தொகையைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

இவை மூன்றும் சேரும்போது நிலையான செலவு 45,000 ரூபாயாக உயர்கிறது.

கடைக்காரரின் பங்கு: வாடிக்கையாளர் 60 ரூபாய் கொடுத்தாலும், மளிகைக் கடைக்காரர் 8 ரூபாயைத் தமது லாபமாக எடுத்துக்கொண்டால், தயாரிப்பவர் கைக்கு வருவது 52 ரூபாய் மட்டுமே. கால்குலேட்டரில் பதிவிட வேண்டிய விலை இந்த 52 ரூபாய்தான்.

விநியோகமும் கழிவும்: கடைகளுக்குக் கொண்டு சேர்க்க ஒரு பாக்கெட்டுக்கு 2 ரூபாய் ஆகிறது. மாவு விரைவில் புளித்துவிடும் பொருள். 100 பாக்கெட்டுகளில் 5 விற்காமல் திரும்பி வந்தால், விற்ற 95 பாக்கெட்டுகளே அந்த 5-இன் செலவையும் சுமக்க வேண்டும். 37 ரூபாயை 0.95-ஆல் வகுத்தால், விற்ற ஒரு பாக்கெட்டுக்கான செலவு ஏறத்தாழ 39 ரூபாய்.

இப்போது மீண்டும் கணக்கிட்டால், பங்களிப்பு 13 ரூபாய். 45,000-ஐ 13-ஆல் வகுத்தால் 3,462 பாக்கெட். நாளொன்றுக்கு 34 பாக்கெட் என்ற விடை 116 பாக்கெட்டாக மாறிவிட்டது. கால்குலேட்டரும் மாறவில்லை, தொழிலும் மாறவில்லை. பதிவிட்ட எண்கள் மட்டுமே மாறியுள்ளன.

முதல் கணக்கில் 12,500 ரூபாய் லாபம் தருவதாகக் காட்டிய 1,500 பாக்கெட் விற்பனை இப்போது என்னவாகிறது? 1,500 பாக்கெட் மூலம் கிடைக்கும் பங்களிப்பு 19,500 ரூபாய். வாடகை, உதவியாளர் சம்பளம், இதர செலவு, வட்டி ஆகியவற்றுக்கே 27,000 ரூபாய் தேவை. அவர் தமக்கென ஒரு ரூபாய்கூட எடுக்காத நிலையிலும், மாதந்தோறும் 7,500 ரூபாயைச் சேமிப்பிலிருந்து போட வேண்டியிருக்கும். கடனின் அசல் தவணை இதற்கு மேல்.

தயாரிப்புத் திறனுடன் ஒப்பிடுவது அவசியம்

கால்குலேட்டர் சொல்லாத மற்றொரு செய்தியும் உள்ளது. இருக்கும் இயந்திரத்தையும் ஒரு உதவியாளரையும் கொண்டு நாளொன்றுக்கு 100 பாக்கெட் மட்டுமே தயாரிக்க முடியும் எனில், மாதத்திற்கு அதிகபட்சம் 3,000 பாக்கெட். ஆனால் 3,462 பாக்கெட் விற்பதற்கு, கழிவையும் சேர்த்து 3,645 பாக்கெட் தயாரிக்க வேண்டும். அதாவது, தயாரித்தது முழுவதும் கடைகளுக்குச் சென்றாலும் இந்தத் தொழில் நஷ்டத்திலேயே இயங்கும்.

கூடுதலாக ஓர் இயந்திரம் வாங்கலாம். மற்றொரு ஊழியரை நியமிக்கலாம். ஆனால் அப்போது நிலையான செலவும் படிக்கட்டு போல ஒரு படி உயர்ந்துவிடும். எனவே புதிய எண்களுடன் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். நிலையான செலவு என்பது குறிப்பிட்ட உற்பத்தி அளவு வரை மட்டுமே நிலையானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எதை மாற்றினால் பலன் கிடைக்கும்?

கால்குலேட்டரின் உண்மையான பயன் இங்குதான் தொடங்குகிறது. ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் பார்த்தால், எந்த முடிவுக்கு எவ்வளவு பலன் உண்டு என்பது தெரியவரும்.

* மலிவான அறைக்கு மாறி வாடகையில் 4,000 ரூபாய் குறைத்தால்: சமநிலைப் புள்ளி 3,154 பாக்கெட். தயாரிப்புத் திறனுக்குள் வரவில்லை.

* கழிவை 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தால்: 3,161 பாக்கெட். இதுவும் போதவில்லை.

* கடைகளுக்குத் தரும் விலையை 52-லிருந்து 55 ரூபாயாக உயர்த்தினால்: 2,813 பாக்கெட். கழிவையும் சேர்த்து 2,962 தயாரிக்க வேண்டும். நூலிழையில் எட்டும் நிலை.

* பாதி விற்பனையைக் கடைகள் வழியாக அல்லாமல், வீடுகளுக்கு நேரடியாக 60 ரூபாய்க்கு விற்றால்: சராசரி விலை 56 ரூபாய், பங்களிப்பு 17 ரூபாய், சமநிலைப் புள்ளி 2,648 பாக்கெட்.

நான்கில் கடைசி வழியே அதிகப் பலன் தருகிறது. பங்களிப்பு சிறிதாக உள்ள தொழில்களில், விலையிலோ கமிஷனிலோ ஏற்படும் இரண்டு, மூன்று ரூபாய் மாற்றம், வாடகையில் ஏற்படும் சில ஆயிரம் ரூபாய் மாற்றத்தைவிட வலிமையானதாக இருக்கும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அதேநேரம், விலையை உயர்த்தினால் வாடிக்கையாளர்கள் குறைவார்களா, நேரடி விற்பனைக்குக் கூடுதல் ஆள் தேவைப்படுமா என்பதைக் கால்குலேட்டர் அறியாது. அதை அந்தப் பகுதியில் விசாரித்தே அறிய முடியும்.

நேரடி விற்பனை வழியைத் தேர்ந்தெடுத்து, தயாரிக்கும் 3,000 பாக்கெட்டில் 2,850 விற்றால், உரிமையாளரின் சம்பளம் போக 3,450 ரூபாய் மீதமாகும். விற்பனை ஏறத்தாழ 7 சதவீதம் சரிந்தாலே இந்த மிச்சம் மறைந்துவிடும். இந்த இடைவெளியே பாதுகாப்பு எல்லை எனப்படுகிறது. பண்டிகை நாட்களில் வாடிக்கையாளர்கள் சொந்த ஊருக்குச் செல்லும் மாதத்தையோ, உளுந்து விலை உயரும் மாதத்தையோ இத்தகைய குறுகிய எல்லை தாங்குமா என்பதைத் தொழில் தொடங்குவோர் சிந்திக்க வேண்டும்.

மாதத் தவணையை எப்படிச் சேர்ப்பது?

பலரும் தடுமாறும் இடம் இது. 2 லட்சம் ரூபாய் கடனை 12 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த, மாதத் தவணை ஏறத்தாழ 4,450 ரூபாய். முதல் மாதத்தில் இதில் 2,000 ரூபாய் வட்டி. 2,450 ரூபாய் அசல்.

லாப, நஷ்டக் கணக்கில் வட்டி மட்டுமே செலவாகும். அசலைத் திருப்பிச் செலுத்துவது செலவு ஆகாது. மறுபுறம், தேய்மானம் செலவாகக் கருதப்பட்டாலும் அந்தப் பணம் மாதந்தோறும் கையைவிட்டு வெளியேறுவதில்லை. ஆகவே முழுத் தவணை, தேய்மானம் இரண்டையும் ஒருசேரப் பதிவிட்டால், அதே இயந்திரத்தின் விலை இருமுறை கணக்கில் ஏறிவிடும்.

இரண்டு கணக்குகளைத் தனித்தனியே போடுவதே சரியான முறை. வட்டியையும் தேய்மானத்தையும் சேர்த்துப் போடுவது லாப நோக்கிலான கணக்கு. தேய்மானத்தை நீக்கிவிட்டு முழுத் தவணையைச் சேர்த்துப் போடுவது பண இருப்பு நோக்கிலான கணக்கு. தவணை தவறாமல் இருக்க எவ்வளவு விற்க வேண்டும் என்பதை இரண்டாவது கணக்கு சொல்லும்.

சிறு தொழில்களுக்குப் பிணையின்றிக் கடன் வழங்கும் பிரதமர் முத்ரா திட்டம் 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்டது. இதில் 50,000 ரூபாய் வரையிலான கடன் 'சிஷு' என்றும், 5 லட்சம் ரூபாய் வரை 'கிஷோர்' என்றும், 10 லட்சம் ரூபாய் வரை 'தருண்' என்றும் வகைப்படுத்தப்பட்டுள்ளது. தருண் கடனைப் பெற்று முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை 'தருண் பிளஸ்' பிரிவில் கடன் கிடைக்கும். பிணை கேட்கப்படுவதில்லை என்பதால் தவணைப் பொறுப்பு குறைந்துவிடாது என்பது குறிப்பிடத்தக்கது.

ஜிஎஸ்டி இருந்தால் விலையை எப்படிப் பதிவிடுவது?

ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் வரி அரசுக்குச் சேர வேண்டிய பணம். எனவே வரி நீங்கிய விலையையே பதிவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 5 சதவீத வரி உள்ள பொருளை வரியுடன் சேர்த்து 60 ரூபாய்க்கு விற்றால், கணக்கில் வர வேண்டிய விலை 57 ரூபாய் 14 காசு.

ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய் வரை உள்ள சிறு வணிகர்களுக்கான தொகுப்பு வரித் திட்டத்தில் நிலைமை வேறு. இத்திட்டத்தில் உற்பத்தியாளர்களும் வணிகர்களும் விற்றுமுதலில் 1 சதவீதமும், மதுபானம் பரிமாறாத உணவகங்கள் 5 சதவீதமும் வரி செலுத்த வேண்டும். இந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது. விற்பனை கூடக் கூட வரியும் கூடுவதால், இதை மாறும் செலவில் சேர்ப்பதே முறையாகும்.

பொருட்களை மட்டும் விற்போருக்குக் கர்நாடகம், தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதே பொதுவாகப் பதிவு கட்டாயமாகிறது. சேவை வழங்குவோருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் இவ்வரம்பு 20 லட்சம் ரூபாய். மேற்கண்ட மாவுத் தொழிலின் ஆண்டு விற்றுமுதல் ஏறத்தாழ 19 லட்சம் ரூபாய் என்பதால் அது வரம்புக்குள் அடங்கும்.

பல பொருட்கள் விற்கும் கடைக்கு என்ன வழி?

மளிகைக் கடையில் நூற்றுக்கணக்கான பொருட்கள் இருக்கும். அங்கு ஒரு பொருளுக்கான கணக்கு பயன்படாது. அதற்குப் பதிலாக, 100 ரூபாய் விற்பனையில் கொள்முதல் விலையும் இதர மாறும் செலவுகளும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்ற சதவீதத்தைக் கண்டறிய வேண்டும். நிலையான செலவை அந்தச் சதவீதத்தால் வகுத்தால், விற்பனை ரூபாய்க் கணக்கில் சமநிலைப் புள்ளி கிடைக்கும்.

மாத நிலையான செலவு 24,000 ரூபாய், 100 ரூபாய்க்கு மிஞ்சுவது சராசரியாக 12 ரூபாய் எனில், மாதம் 2 லட்சம் ரூபாய்க்கு விற்க வேண்டும். லாபம் குறைந்த அரிசி, எண்ணெய் ஆகியவற்றின் விற்பனை கூடி, லாபம் மிகுந்த பொருட்களின் விற்பனை குறைந்தால் இந்தச் சராசரியும் குறையும். எனவே சில மாதங்களுக்கு ஒருமுறை இதைச் சரிபார்க்க வேண்டும்.

கால்குலேட்டரைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

* வாடகையை மாதக் கணக்கிலும் காப்பீட்டை ஆண்டுக் கணக்கிலும் கலந்து பதிவிடக் கூடாது. அனைத்தும் ஒரே கால அளவில் இருக்க வேண்டும்.

* டாலர் குறியீடு காட்டும் கால்குலேட்டராக இருந்தாலும் கவலை இல்லை. எல்லாத் தொகைகளையும் ரூபாயிலேயே பதிவிட்டால், தேவையான எண்ணிக்கை சரியாகவே கிடைக்கும்.

* விடை எதிர்மறை எண்ணாகவோ பிழைச் செய்தியாகவோ வந்தால், விற்பனை விலை மாறும் செலவைவிடக் குறைவாக அல்லது சமமாக உள்ளது என்று பொருள். அந்த விலையில் எவ்வளவு விற்றாலும் நஷ்டத்திலிருந்து மீள முடியாது.

* விடையில் தசமம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். 3,461.5 என வந்தால் 3,462 பாக்கெட் விற்க வேண்டும்.

* இந்தக் கணக்கிற்குப் பான் எண், ஆதார் எண், வங்கி விவரம், ஓடிபி எதுவும் தேவையில்லை. அவற்றைக் கேட்கும் பக்கங்களிலிருந்து உடனே வெளியேறுவது நல்லது.

கடன் விற்பனை இருந்தால் கூடுதல் எச்சரிக்கை

சமநிலைப் புள்ளியை எட்டிய தொழிலும் பணமின்றித் தவிக்க வாய்ப்புண்டு. கால்குலேட்டர், விற்ற அன்றே பணம் வந்துவிட்டதாகக் கொள்கிறது. உணவகத்திற்கோ பெரிய கடைக்கோ கடனுக்கு விற்றால் பணம் வரும் நாள் வேறு. வாடகையும் தவணையும் செலுத்தும் நாள் வேறு.

குறு மற்றும் சிறு நிறுவனங்களிடம் பொருள் வாங்குவோர், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும்கூட 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி செலுத்த வேண்டும் என்றும் அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. இப்பாதுகாப்பைப் பெற, உத்யம் இணையதளத்தில் தொழிலைப் பதிவு செய்து வைத்திருப்பது உதவும். இருப்பினும், ஒன்றரை மாதச் செலவைத் தாங்கும் தொகையைக் கையில் வைத்திருப்பதே நடைமுறையில் பாதுகாப்பானது.

எத்தனை முறை கணக்கிட வேண்டும்?

தொழில் தொடங்கும் முன் குறைந்தது மூன்று முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எதிர்பார்க்கும் விலையிலும் செலவிலும் ஒரு முறை. மூலப்பொருள் விலை 10 சதவீதம் உயர்ந்ததாகக் கொண்டு ஒரு முறை. விலையை 5 சதவீதம் குறைத்து விற்க நேர்ந்ததாகக் கொண்டு ஒரு முறை. மூன்றிலும் கிடைக்கும் விடை தயாரிப்புத் திறனுக்குள்ளும், அந்தப் பகுதியில் உண்மையாகவே விற்கக்கூடிய அளவுக்குள்ளும் இருந்தால், கடன் விண்ணப்பத்தை நோக்கி அடுத்த அடி எடுத்து வைக்கலாம்.

விடை எட்டாத அளவில் இருந்தாலும் அது தோல்வி ஆகாது. விலை, விற்பனை வழி, தயாரிப்பு அளவு ஆகியவற்றை மாற்றி யோசிக்க இன்னும் வாய்ப்பு உள்ளது. வேலையும் சேமிப்பும் கையில் உள்ளன. தொழில் தொடங்கிய பின்னர், வாடகை, சம்பளம், மூலப்பொருள் விலை, கமிஷன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மாறும் ஒவ்வொரு முறையும் கணக்கைப் புதுப்பித்து, அன்றாடம் விற்க வேண்டிய எண்ணிக்கையைக் கடையில் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைத்துக்கொள்வது பயன் தரும்.